பாலாற்றிலிருந்து ஜவ்வாது மலைக்கு

காட்பாடி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஆட்டோக்காரர்கள் வங்காளத்தில் கூப்பிடுகிறார்கள். ஹவுராவிலும் குவாஹாட்டியிலும் ஏறி, இரவும் பகலுமாகப் பயணம் செய்து வந்தவர்கள் எக்ஸ்ரே உறையும் தலையணை மூட்டையுமாக நிற்கிறார்கள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூருக்குள் நுழைந்தால், சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்ப் பலகைக்குப் பக்கத்திலேயே வங்காளப் பலகை. லாட்ஜ்களில் அறையோடு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் அங்கேயே சோறு வடித்து, மீன் பொரித்துச் சாப்பிடுகிறார்கள். மாலையானால் தெருவெல்லாம் கடுகெண்ணெய் வாசம்.

நான் தங்கிய லாட்ஜில் பக்கத்து அறையில் மேற்கு வங்காளத்தின் மால்டாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் தன் அப்பாவோடு இருந்தார். அப்பாவுக்குக் கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாய் பொருத்தியிருந்தார்கள். ராத்திரியில் குழாயில் சளி கட்டிக்கொண்டு கரகரவென்று சத்தம் கேட்கும். பையன் எழுந்து கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கையுறை மாட்டிக்கொண்டு மெல்லிய சக்‌ஷன் குழாயை உள்ளே விடுவார். உள்ளே போகும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போதுதான் உறிஞ்ச வேண்டும். பத்துப் பதினைந்து விநாடிக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் அப்பாவுக்கு மூச்சு முட்டும். ஊரில் செல்போன் பழுது பார்க்கிறவர் அவர். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “சிஸ்டர் லோக்” என்றார். வார்டில் முதலில் சிஸ்டர்கள் செய்ய இவர் பார்த்தார். பிறகு இவர் செய்ய அவர்கள் பார்த்தார்கள். கை பழகும் வரை டிஸ்சார்ஜ் பேச்சையே அவர்கள் எடுக்கவில்லையாம்.

நர்ஸ் ஒருவர் பெற்ற பயிற்சி இப்படி வார்டைத் தாண்டி, மால்டாவில் ஒரு வீட்டுக் கட்டிலடி வரைக்கும் போய்விடுகிறது. இந்தக் கல்வி ஒரு வட்டாரத்தின் சாவு பிழைப்பை எந்த அளவுக்கு மாற்றியிருக்கிறது என்று நேரில் பார்க்கத்தான் வேலூருக்கு வந்திருந்தேன். அதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. இன்று கண் சிகிச்சைக்கு மட்டுமான இந்த இடம், 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனையாகத் தொடங்கியது. தொடங்கியவர், சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் 1870-இல், தலைமுறை தலைமுறையாக இங்கே மருத்துவம் பார்த்த அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுக்காரர்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டார்கள். ஐடாவின் அப்பா மருத்துவர்தான். ஆனால் ஆண் மருத்துவர் வரக் கூடாது, நீங்கள்தான் வர வேண்டும் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள். அந்த ராத்திரிதான் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவராக்கித் திருப்பி அனுப்பியது.

இந்தக் கதை வேலூரில் எல்லோருக்கும் தெரியும். அதன் அடுத்த பகுதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918-இல். நர்ஸ் பயிற்சிப் பள்ளியை டிலியா ஹௌட்டன் என்பவரின் துணையோடு தொடங்கியது 1909-இல். ஒன்பது ஆண்டு முன்பே! மூன்று பெண்கள் சாவதைப் பார்த்துவிட்டு மருத்துவரானவர், டாக்டர்களை உருவாக்குவதற்கு முன் நர்ஸ்களை உருவாக்கியிருக்கிறார். இந்த வரிசையில் பெரிய அறிவு இருப்பதாக நினைக்கிறேன். அறுவைச் சிகிச்சையை அவரே செய்துவிடலாம். அதற்குப் பிறகு வரும் ராத்திரியை யார் பார்த்துக்கொள்வது? காயத்தில் சீழ் வைக்கிறதா, காய்ச்சல் ஏறுகிறதா, உதிரப்போக்கு நிற்கிறதா என்று படித்த கண்ணோடு பக்கத்தில் ஒருவர் இல்லாவிட்டால், நாற்பது படுக்கைகளை வைத்து அவர் என்ன செய்திருக்க முடியும்?

அன்றைக்குப் பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்பப் பெரும்பாலான குடும்பங்கள் கூசின. ரத்தம், மலம், அந்நிய ஆண் உடம்பு என்று தீட்டுக் கணக்கு நீண்டது. முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இலேயே நான்கு மாணவிகளோடு ஆறு மாதப் பயிற்சி தொடங்கியிருந்தது. 1926-இல் நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சென்னை மாகாணம் சட்டம் கொண்டுவந்தது. ஆறு மாதப் பயிற்சியாக இருந்தது நான்கு ஆண்டுப் பட்டமாக வளர்ந்தது 1946-இல். அந்த ஆண்டு டெல்லியிலும் வேலூரிலும் பி.எஸ்சி. நர்சிங் வகுப்புகள் தொடங்கின.

சத்துவாச்சாரியில் ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை ஒருவரைப் போய்ப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். வாசலில் முருங்கை மரம், உள்ளே சுவர் நிறைய மாணவிகளின் குழுப் படங்கள். காபியைக் கையில் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றது ரெண்டு வேளை தம்பி. மிச்ச நேரம் முழுக்க நோயாளி யார் கண்ணுல இருக்கார்? அந்தக் கண்ணுக்குப் படிப்பு வேணாமா?”

மாணவிகளுக்கு முதலில் எதைக் கற்பிப்பீர்கள் என்று கேட்டேன். ஊசி போடுவதைச் சொல்வார் என்று நினைத்தேன். மூச்சை எண்ணுவதைச் சொன்னார்.

“நோயாளி பக்கத்துல நின்னு ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கக் கூடாது. சார்ட்டுல எல்லாருக்கும் இருபதுன்னு எழுதி வெச்சிட்டுப் போறது ரொம்ப சுலபம். பி.பி. இறங்கறதுக்கு மணிக்கணக்கா முன்னாடியே மூச்சு ஏறும். ஆபத்து வருதுன்னு உடம்பு குடுக்கிற முதல் தகவல் அதுதான். அதை எண்ணாதவ நர்ஸே இல்லை.”

பிறகு நாற்காலியில் என்னையே உட்கார வைத்து எண்ணிக் காட்டினார். மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, பார்வையை மார்பின் மேல் வைத்திருந்தார். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சின் வேகத்தை மாற்றிவிடுவாராம், அதனால்தான் அந்தப் பாவனை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவது, மருந்து கொடுக்கும் முன் பெயரைக் கேட்டுச் சரிபார்ப்பது, ஷிப்ட் மாறும்போது கட்டில் கட்டிலாக நின்று அடுத்தவரிடம் ஒப்படைப்பது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் சின்ன வேலை. தவறினால் படுக்கைப் புண், தப்பான மருந்து, யாரும் கவனிக்காமல் போன ஒரு சாவு.

இவர் அனுபவத்தில் சொன்னதைப் பெரிய அளவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 நோயாளிகளின் பதிவுகளை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். பட்டம் படித்த நர்ஸ்களின் பங்கு நூற்றுக்குப் பத்து கூடுதலாக இருந்த மருத்துவமனைகளில், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2014-இல் வந்த ஆய்விலும் இதே போக்குத்தான், அங்கே 7 சதவீதம். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: ஒரு நர்ஸின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால் சாவுக்கான வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. ஆகவே படிப்பு மட்டும் போதாது. படித்தவர் ஒவ்வொரு கட்டிலுக்கும் வந்துபோகும் அளவுக்கு ஆட்களும் வேண்டும். மேல்நாட்டு மருத்துவமனைக் கணக்கு நம் வார்டுக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் மேல்நாட்டில் ஒரு நர்ஸுக்கு ஒருவர் கூடுவதே இவ்வளவு செய்கிறதென்றால், ராத்திரி டூட்டியில் ஒரே சிஸ்டர் வார்டு முழுவதற்கும் ஓடுகிற இடங்களில் என்ன நடக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் பயிற்சி மருத்துவமனைகளின் வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்றப் பொது மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த வார்டை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை போளூர் பஸ். கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் என்று நிலக்கடலைக் காடுகளும் கரும்பும் மாறிமாறி வந்தன. போளூரில் டீ குடித்துவிட்டு ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். அத்திமூர் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மூச்சுவாங்கி ஏற, கீழே போளூர்ச் சமவெளி ஏரிகளோடு விரிகிறது. மேலே போனால் காற்று குளிர்கிறது. பலா மரங்கள், புளிய மரங்கள், சரிவுகளில் சாமைக் கொல்லைகள். ஜவ்வாது மலையில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. சாலை எட்டாத ஊர்களிலிருந்து கர்ப்பிணியைக் கம்பில் துணி கட்டி, டோலியாகத் தூக்கிக்கொண்டு வருவது இந்த மலைக்குப் பழைய கதையாக இன்னும் ஆகிவிடவில்லை.

மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். வாசலில் வேப்பமரத்தடியில் இரண்டு கர்ப்பிணிகள் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. மலைப் பகுதிகளில் இப்படி முன்கூட்டியே வந்து தங்குவதற்கென்று சுகாதார நிலையங்களில் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். வலி கண்ட பிறகு டோலி கட்டுவதைவிட வலிக்கு முன்னால் நடந்து வந்துவிடுவது மேல் என்ற எளிய ஏற்பாடு. ஆனால் அந்தப் பெண் வீட்டை விட்டு, ஆட்டையும் மாட்டையும் விட்டு, மூத்த பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வர வேண்டுமே. வரவழைப்பவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் அவருக்குப் பெயர் நர்ஸம்மா. கர்ப்பம் தெரிந்ததும் அதைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிக் கொடுப்பதிலிருந்து, ரத்தத்தின் அளவு, பி.பி., குழந்தையின் துடிப்பு எல்லாம் பார்த்து, “தலைவலிக்குதா, கண்ணு மங்கலா தெரியுதா, கால் வீங்குதா” என்று கேட்பவர் அவர். இந்த மூன்று கேள்விகளுக்குள், கர்ப்பத்தில் பி.பி. ஏறி வலிப்பு வரும் ஜன்னி நோய் ஒளிந்திருக்கிறது. முன்பு ஜன்னி கண்டால் பேய் பிடித்தது என்று பூசாரியைக் கூப்பிட்டவர்கள் உண்டு. மெக்னீசியம் சல்பேட் மருந்து அந்த ஜன்னியின் ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனை 2002-இல் நிறுவியது. மருந்து விலை மலிவு. எப்போது கொடுக்க வேண்டும், எவ்வளவு, மூச்சும் முழங்கால் அதிர்வும் குறைகிறதா என்று எப்படிக் கவனிப்பது என்பதுதான் படிப்பு.

ஸ்டாஃப் நர்ஸ் செய்யாறுப் பக்கத்துப் பெண். முப்பது வயதிருக்கும். லேபர் ரூமைக் காட்டினார். ஏழு ட்ரே வரிசையாக மூடி வைத்திருந்தது. பிரசவத்துக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, அவசர மருந்துக்கு ஒன்று என்று பிரித்து. குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர். சுவரில் விநாடி முள் ஓடும் பெரிய கடிகாரம். பிறந்த குழந்தை அழவில்லை என்றால் துடைத்து, தூண்டி, பேக் மாஸ்க் வைத்துக் காற்றுக் கொடுக்க முதல் ஒரு நிமிடம்தான் அவகாசம். கடிகாரம் அதற்கு.

அவர் படித்த கல்லூரியைப் பற்றிக் கேட்டபோது முகம் மாறியது. கேஸ் புக்கில் இத்தனை பிரசவம் பார்த்தேன் என்று எழுதி முடித்துவிட்டார்கள், கையால் பார்த்தது மிகக் குறைவு என்றார். “இங்க வந்து சீனியர் அக்காகிட்டதான் சார் உண்மையிலேயே கத்துக்கிட்டேன். ஆறு மாசம் அவங்க பின்னாடியே நின்னேன்.” சில இடங்களில் நர்சிங் கல்வி கட்டணமும் சான்றிதழுமாகச் சுருங்கிக் கிடப்பது கொடுமை. அந்தக் குறையைப் பின்னால் ஒரு சீனியர் அக்கா ஈடுகட்டினால் உண்டு. அப்படி ஒருவர் வாய்க்காத இடத்தில் அதன் விலையை மேசையில் படுத்திருக்கும் பெண்தான் கொடுக்கிறாள்.

போன மழைக்காலத்தில் நடந்ததை அவரே சொன்னார். மூன்றாவது பிரசவம். குழந்தை நல்லபடி பிறந்தது, நஞ்சுக்கொடியும் விழுந்தது. பிறகு ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பை சுருங்காமல் தொளதொளவென்று இருந்தது. குழந்தை பிறந்த உடனே தொடையில் போடும் ஆக்சிடோசின் ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. வயிற்றின் மேல் கை வைத்து விடாமல் அழுத்தித் தேய்த்தார். ட்ரிப்ஸில் ஆக்சிடோசின் ஏற்றினார். சிறுநீர்ப் பையைக் காலி செய்தார். எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார். உதவியாளர் 108-க்குப் போன் போட்டார். நனைந்த துணியையும் பேடையும் எடைபோட்டார்கள், ஒரு கிராம் ஒரு மில்லி என்ற கணக்கில். மலை இறங்கும் வண்டியில் அவரும் ஏறிக்கொண்டார், கையை வயிற்றிலிருந்து எடுக்காமல். தாய் பிழைத்துக்கொண்டாள்.

“பயமா இல்லையா?” என்று கேட்டேன்.

“பயந்தா கை நடுங்கும் சார். அடுத்து என்ன, அடுத்து என்னன்னு வரிசை மனசுல ஓடிட்டே இருந்தது. ட்ரெயினிங்ல பொம்மையில பத்துவாட்டி செஞ்சது அது.”

எடை போடுவது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். தெரிய வரும்போது நேரம் கடந்துவிடுகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் எண்பது மருத்துவமனைகளில் ஒரு முறையைச் சோதித்தார்கள். இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் உறையை விரித்து ரத்தத்தை அளப்பது. அளவு மீறினால் தேய்ப்பது, மருந்து, ட்ரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்குவது. நர்ஸ்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் இதைப் பழக்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கு உள்ளிட்ட விபரீதங்கள் 60 சதவீதம் குறைந்தன. 2023-இல் வெளியான இந்த முடிவில் புது மருந்து எதுவும் இல்லை. இருந்த மருந்துகள்தான், அளக்கவும் உடனே இறங்கவும் பழகிய கைகள் புதிது.

தமிழ்நாட்டின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2001-03-இல் இங்கே ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. அதே காலத்தில் நாடு முழுவதற்குமான கணக்கு 301-லிருந்து 97-க்கு இறங்கியது. இந்த இறக்கத்தில் 108 வண்டிக்குப் பங்கு உண்டு. ரத்த வங்கிகளுக்கு, சாலைகளுக்கு, பெண்கள் பள்ளிக்குப் போனதற்கு, ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஏன் நடந்தது என்று விசாரிக்கும் நடைமுறைக்கு எல்லாம் பங்கு உண்டு. ஆனாலும் 2000-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிப்ட் முறையில் அமர்த்தி, ராத்திரியிலும் பிரசவ அறையில் விளக்கு எரிய வைத்ததைத்தான் நான் முதலில் வைப்பேன். அதற்கு முன் ராத்திரி வலி எடுத்தால் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம்.

அப்படி அமர்த்தியவர்களை எப்படி நடத்தினோம் என்பது வருத்தமான செய்தி. 2015-இல் தேர்வெழுதி அரசு மருத்துவமனைகளுக்கு வந்த ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் ஒப்பந்த முறையில், தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்தார்கள். பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். கொரோனா வார்டில் நின்றவர்களிலும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. நான்காண்டு படிக்க வைத்து, கையைப் பழக்கி, பிறகு குடும்பம் நடத்த முடியாத சம்பளம் கொடுத்தால் அந்தக் கை வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகும். போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மருத்துவச்சிப் பயிற்சி பெற்றவர்களின் சேவை எல்லோருக்கும் கிடைத்தால் 2035-க்குள் ஆண்டுக்கு 43 லட்சம் உயிர்களைக் காக்கலாம் என்று உலக அளவில் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் நம் பங்கைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு நாம் ஒழுங்கான ஊதியம்கூடத் தரவில்லை.

மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செய்யாறுப் பெண்ணுக்கு அன்று இரவு டூட்டி. மறு ஷிப்டுக்கு வர வேண்டியவர் மகப்பேறு விடுப்பில் இருப்பதால், மூவர் பார்க்க வேண்டிய வேலையை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். மாற்று ஆள் கேட்டு எழுதியிருக்கிறார்களாம்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை ஸ்டாஃப் நர்ஸ் பணியிடம், அதில் எத்தனை காலி, இருப்பவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், லேபர் ரூம் பயிற்சிக்குக் கடைசியாக எப்போது போனார்கள் என்று விசாரியுங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து அதைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.